கேட் திறந்தே கிடந்தது

ஜெர்மனியின் கோப்பிங்கனுக்கு வருகிறவர்களில் பலர் மெர்க்லினைத் தேடித்தான் வருகிறார்கள். 1859-இல் பொம்மை வீட்டுக்கான தகரச் சமையல் சாமான்கள் செய்யத் தொடங்கி, பிறகு பொம்மை ரயிலால் பேர் வாங்கிய நிறுவனம் அது. அங்கே வந்திருந்த மாயவரத்துக்காரர் ஒருவருக்கு அதில் ஈடுபாடில்லை. பொம்மை ரயிலுக்குப் பணத்தையும் பொழுதையும் கொட்டுவது வசதி மிஞ்சியவர்களின் வழக்கம் என்பது அவருடைய நெடுநாள் எண்ணம். தங்கியிருந்த வீட்டுப் பெரியவர் நிலவறைக்குக் கூப்பிட்டபோது, மரியாதைக்காகத்தான் படியிறங்கிப் போனார்.

மேசை முழுக்கத் தண்டவாளம். சின்னதாக ஓர் ஊர், ஊருக்குள் போகும் சாலை, சாலையில் ரயில்வே கேட். சரக்கு ரயில் ஒன்று வளைவில் திரும்பி வந்தது. கேட் அசையவில்லை. ரயில் சாலையைக் கடந்தே போய்விட்டது.

"கேட் போடலையே!" என்று கத்திவிட்டார் மாயவரத்துக்காரர்.

அந்தப் பதற்றம் சிறுவயதிலிருந்து வந்தது. ஆளில்லா கேட்டைத் தாண்டிப் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவர் அவர். டிரைவர் வண்டியை நிறுத்துவார். கண்டக்டர் இறங்கித் தண்டவாளம்வரை நடந்து, இரண்டு பக்கமும் பார்த்து விசில் கொடுத்த பிறகே பஸ் நகரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-ஆவது பிரிவே அப்படித்தான் சொல்கிறது. அகலப்பாதையிலிருந்த ஆளில்லா கேட்டுகளை இந்திய ரயில்வே ஒழித்து முடித்தது 2019 ஜனவரியில்.

பெரியவர் ரயிலை நிறுத்திவிட்டு மேசைக்கு அடியில் குனிந்தார். பற்றுவைத்த இடம் விட்டுப்போய், பிரவுன் வயர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

மெர்க்லின் தண்டவாளத்தின் நடுவே சிறு உலோகப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். எஞ்சினுக்கு மின்சாரம் அவற்றிலிருந்து வருகிறது. திரும்பிப் போவது இரு பக்கத் தண்டவாளங்கள் வழியாக. கேட் தானாக இறங்க, ஒரு நீளத்துக்கு மட்டும் அடியில் இரண்டையும் சேர்க்கும் பட்டையை வெட்டி, ஒரு பக்கத்தைத் தனியே பிரித்துவிட வேண்டும். அதன்மேல் ஏறும் எந்தப் பெட்டியின் அச்சும் இரண்டு பக்கத்தையும் மறுபடி சேர்த்துவிடும், கேட் இறங்கும். கடைசிச் சக்கரம் போகும்வரை ஏறாது. எவ்வளவு நீளம் பிரிப்பது? சுவரில் பென்சிலால் கணக்குப் போட்டிருந்தார் பெரியவர். 87-இல் ஒரு பங்கு அளவில், மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 19 சென்டிமீட்டர். ரயில் வர எட்டு விநாடி இருக்கும்போதே கேட் விழ வேண்டுமானால், ஒன்றரை மீட்டருக்கு முன்பிருந்தே பிரிக்க வேண்டும்.

"வயர் விட்டுப்போனால் திறந்து கிடக்கிற கேட், கேட்டே இல்லை. முழுக்க மாற்றப்போகிறேன்," என்றார்.

அவர் நினைத்திருந்தது நிஜ ரயில்வேயின் முறை. அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் 1872-இல் காப்புரிமை பெற்றது. தண்டவாளம் வழியாக ஒரு ரிலேவுக்கு எப்போதும் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். ரயில் ஏறியதும் அச்சு குறுக்கே விழுந்து அந்த மின்சாரத்தைத் திருப்பிவிடும்; ரிலே விழும், அதோடு கேட்டும் விழும். வயர் அறுந்தாலும் பேட்டரி தீர்ந்தாலும் அதேதான் நடக்கும்.

உதவிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அவருடையது இரண்டு தண்டவாள முறை. சக்கரங்கள் அச்சோடு மின்தொடர்பில்லாமல் பிரிக்கப்பட்டிருப்பதால் இந்த ஏற்பாடு அங்கே நடக்காது. கட்டைகளுக்கு நடுவே அகச்சிவப்புச் சென்சார் பதித்திருக்கிறார். "இது விளையாட்டு. யாரும் சாகப்போவதில்லை. இதற்கு எதற்கு ரிலே?" என்றார். பெரியவர் முகம் சிவந்துவிட்டது. மாயவரத்துக்காரர் தன்னையறியாமல் பெரியவர் பக்கம் சேர்ந்துகொண்டு, அவரைவிடச் சத்தமாக வாதாடினார்.

சாப்பாட்டு மேசையிலும் சண்டை ஓயவில்லை. ஸ்பெட்ஸ்லே என்கிற முட்டைமாவுப் பண்டம், அதன்மேல் வினிகர் விட்ட பழுப்புப் பருப்பு, பக்கத்தில் சாசேஜ். ஜெர்மன் சாப்பாடு சப்பென்றிருக்கும் என்று நம்பி வந்தவர், அந்தப் புளிப்புக்காக மறுபடியும் பருப்பு கேட்டு வாங்கினார்.

அப்போதுதான் மாயவரத்துக்காரர் தன் ஊரில் ஆளிருக்கும் கேட்டுகளைப் பற்றிச் சொன்னார். ஸ்டேஷனிலிருந்து கேட் கீப்பருக்குப் போன் வரும். மூடியதற்கு உறுதியாக இருவரும் ரகசிய எண் பரிமாறிக்கொள்வார்கள். சிக்னலோடு பிணைத்த கேட்டாக இருந்தால், அதைப் பூட்டாதவரை ரயிலுக்குச் சிக்னல் கிடைக்காது.

"இங்கேயும் அந்த வகை உண்டு," என்று யோசித்தார் பெரியவர்.

"அப்படியானால் அதைச் செய்யுங்கள்," என்றார் பக்கத்து வீட்டம்மா. "கேட் கைக்கு அடியில் ஒரு குட்டி ஸ்விட்ச். கை முழுக்க இறங்கினால்தான் கேட்டுக்கு முன்னாலுள்ள நடுப்புள்ளிகளுக்கு மின்சாரம். இறங்காவிட்டால் எஞ்சின் அங்கேயே நிற்கும்."

தட்டுகள் அப்படியே கிடக்க, மூவரும் நிலவறைக்கு இறங்கினார்கள். பக்கத்து வீட்டம்மா பற்றுவைக்கும் கோலைச் சூடாக்கினார். மாயவரத்துக்காரர் டார்ச் பிடிக்க, பெரியவர் சிவப்பு வயரைத் தேடியெடுத்தார். கேட்டுக்கு எவ்வளவு முன்னால் மின்சாரத்தை நிறுத்துவது என்பதில் அடுத்த வாக்குவாதம் தொடங்கியது.