நல்லா எழுதுறவன் நல்லவனா?

1981 ஜூலை 19, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய நியூ யோர்க் டைம்ஸின் புத்தகப் பகுதியில் ஒரு மதிப்புரை வந்திருந்தது. புத்தகத்தின் பெயர் 'இன் த பெலி ஒஃப் த பீஸ்ட்', அதாவது மிருகத்தின் வயிற்றுக்குள். எழுதியவர் ஜக் ஹென்றி அபொட். மதிப்புரை அவரை நல்லாவே பாராட்டியிருந்தது. அதை ஆக்கள் தேத்தண்ணியோட விரிச்சு வாசிக்கிறதுக்கு முதல் நாள் விடியக்காலை, அதே நகரத்தில், அபொட் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்த இளைஞனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். பரோலில் வெளியில் வந்து அப்போது ஆறு கிழமைதான் ஆகியிருந்தது.

இலக்கியம் படிக்கிற ஆக்கள் இந்தக் கதையைக் கட்டாயம் தெரிஞ்சிருக்க வேணும் என்று நினைக்கிறன். இது ஒரு கொலைகாரனைப் பற்றின கதை மட்டுமில்லை. நல்ல எழுத்தை வாசிச்சவுடன நாங்கள் என்னவெல்லாம் நம்பத் தொடங்குறம் என்பதைப் பற்றின கதையும்தான்.

அபொட் 1944இல் பிறந்தவர். சின்ன வயசிலேயே வளர்ப்பு வீடுகள், பிறகு யூட்டாவில் சிறுவர் சீர்திருத்தப் பள்ளி. போலிக் காசோலை மாற்றியதற்காக வளர்ந்தோருக்கான சிறைக்குப் போனார். அங்கே இன்னொரு கைதியைக் குத்திக் கொன்றார். 1971இல் சிறையிலிருந்து தப்பி ஒரு வங்கியைக் கொள்ளையடித்து, திரும்பவும் பிடிபட்டார். 37 வயசில் அவர் விடுதலையானபோது, கிட்டத்தட்ட 25 வருடங்களை அடைபட்ட இடங்களிலேயே கழித்திருந்தார். அதில் பல வருடங்கள் தனிமைச் சிறை. படிச்சது எல்லாம் அங்கேதான், மார்க்ஸ் உட்பட.

எழுத்தாளர் நோர்மன் மெய்லர் அந்த நேரம் கரி கில்மோர் என்ற இன்னொரு கைதியைப் பற்றி ஒரு பெரிய நூலை எழுதிக்கொண்டிருந்தார். அபொட் அதைக் கேள்விப்பட்டு, சிறை வன்முறை உண்மையில் எப்படியிருக்கும் என்று தான் சொல்லுறன் என்று மெய்லருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். அந்தக் கடிதங்களில் சில 1980இல் நியூ யோர்க் ரிவியூ ஒஃப் புக்ஸில் வந்தன. பிறகு அவையே புத்தகமாகின. அவருக்கு வேலை கொடுக்கத் தயார் என்று மெய்லர் பரோல் சபைக்கு எழுதினார். அந்தக் கடிதத்தால் மட்டும்தான் அவர் விடுதலையானார் என்று சொல்லேலாது. ஆனால் அது அவர் பக்கம் நின்ற ஒரு பெரிய பெயர். 1981 ஜூன் மாதம் அபொட் நியூ யோர்க்கில் ஒரு மறுவாழ்வு விடுதிக்கு வந்து சேர்ந்தார். இலக்கிய விருந்துகள், நேர்காணல்கள், தொலைக்காட்சி என்று நாட்கள் போயின.

ஜூலை 18 விடியக்காலை அவர் 'பினிபொன்' என்ற சின்ன உணவகத்துக்குச் சாப்பிடப் போனார். கழிப்பறை எங்கே என்று கேட்டார். அது வேலை செய்யிற ஆக்களுக்கு மட்டும்தான் என்று பணியாளர் சொன்னார். வாக்குவாதம் வந்தது. இரண்டு பேரும் வெளியில் போனார்கள். அபொட் நெஞ்சில் குத்தினார். அவ்வளவுதான். வேறு பகையில்லை, பழைய கணக்கில்லை, ஒரு கழிப்பறைதான் காரணம்.

செத்துப்போனவரின் பெயர் ரிச்சர்ட் அடான். வயசு 22. கல்யாணம் முடிச்சிருந்தார். நடிகர். நாடகமும் எழுதுவார். அவருடைய ஒரு நாடகத்தை அந்த நேரம்தான் லா மாமா அரங்கு மேடையேற்ற ஏற்றுக்கொண்டிருந்தது. எனக்கும் இப்ப கிட்டத்தட்ட அந்த வயசுதான். அபொட்டைப் பற்றி எழுதப்பட்ட அத்தனையையும் வாசிச்ச பிறகு, எனக்குள்ள நிண்டது இந்த ஒரு தகவல்தான். அண்டைக்கு அந்தக் கடை வாசலில் நின்றது இரண்டு எழுத்தாளர்கள். ஒருவருக்கு நகரமே கைதட்டிக்கொண்டிருந்தது. மற்றவர் இரவு வேலை செய்து பிழைச்சுக்கொண்டிருந்தார்.

அபொட் தப்பி மெக்சிகோ வரைக்கும் போய், கடைசியில் லூசியானாவில் எண்ணெய் வயல்களில் கூலிவேலை செய்துகொண்டிருக்கும்போது செப்டெம்பரில் பிடிபட்டார். 1982 ஜனவரியில் வழக்கு. அடான் தன்னைத் தாக்கப் போகிறார் என்று நினைத்ததாகச் சொன்னார். ஜூரிகள் அதைக் கொலை என்று தீர்க்காமல், கடும் மன உந்துதலில் செய்த மரணம் விளைவித்தல் என்று தீர்த்தார்கள். 15 வருடம் முதல் ஆயுள் வரை தண்டனை. மெய்லர் நீதிமன்றம் வந்து அவருக்காகப் பேசினார். இப்படியொரு திறமையைக் காப்பாற்றச் சமூகம் கொஞ்சம் ஆபத்தை ஏற்கலாம் என்ற கருத்தில் அவர் சொன்னது பெரிய கோபத்தைக் கிளப்பியது. நியாயமான கோபம்தான். அந்த ஆபத்தை ஏற்றது மெய்லர் இல்லை. அடானை ஆரும் கேட்கவும் இல்லை. இந்த விஷயத்தில் தான் பெருமைப்பட ஒன்றுமே இல்லை என்று பல வருடங்களுக்குப் பிறகு மெய்லரே சொன்னார்.

இது ஒருமுறை நடந்த விபத்து என்று விடவும் ஏலாது. ஆஸ்திரியாவில் ஜக் உன்ரவேகர் என்ற ஒருவர், 18 வயசுப் பெண்ணைக் கொன்றதற்காக 1976இல் ஆயுள் தண்டனை பெற்றார். உள்ளே இருந்து சுயசரிதை எழுதினார், நாடகங்கள் எழுதினார். அறிவாளிகள், எழுத்தாளர்கள் எல்லாரும் அவரை வெளியில் விடச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். 1990இல் பரோல் கிடைத்தது. வெளியில் வந்து பத்திரிகையாளராகி, வியன்னாவில் பாலியல் தொழிலாளிகள் கொல்லப்படுவதைப் பற்றி வானொலிக்குச் செய்தியும் சேகரித்தார். அந்தப் பெண்களைக் கொன்றதும் அவர்தான் என்று வழக்குத் தொடரப்பட்டது. 1994இல் ஒன்பது கொலைகளுக்குக் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது. அன்று இரவே அவர் சிறையில் தூக்கிட்டுச் செத்தார். மேன்முறையீடு முடியாததால், அந்த நாட்டுச் சட்டப்படி தீர்ப்பு இறுதியாகவே இல்லை. ஒன்பது குடும்பங்கள் காத்திருந்த நீதி, சட்டப் புத்தகத்தில் பாதியில் நிற்குது.

அப்ப பரோலே வேண்டாமா? கனபேர் இந்த இடத்தில் அப்படித்தான் முடிப்பார்கள். எனக்கு அது சரியாகப் படேல்ல. வெளிய வர வழியே இல்லை என்று தெரிஞ்ச மனிசன் உள்ளே ஏன் மாற வேணும்? பரோலில் வந்து, வேலை தேடி, பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போற ஆளைப் பற்றி ஆரும் தலைப்புச் செய்தி போடுறதில்லை. அபொட்டும் உன்ரவேகரும்தான் செய்தி. அவர்களை வைத்து எல்லாருக்கும் கதவைப் பூட்டினால் அதுவும் ஒரு அநியாயம்.

என்ர கேள்வி வேற. அபொட்டின் விஷயத்தில் ஆக்கள் எதைப் பார்த்து நம்பினார்கள்? அவருடைய வசனங்களை. ஆனால் அந்த வசனங்கள் சொன்னதை அவர்கள் உண்மையில் கேட்கவில்லை என்றுதான் எனக்குப் படுது. சின்ன வயசிலிருந்து சிறையில் வளர்ந்தவனுக்கு ஆரையும் நம்பத் தெரியாது, அடுத்தவன் கிட்ட வந்தால் குத்தத்தான் வாறான் என்று உடம்பு நினைக்கும் என்பதுதானே அந்தப் புத்தகத்தின் முழு வாதமும்? ஒரு கைதியைக் கத்தியால் குத்துவது எப்படி என்று அதில் நுணுக்கமாக எழுதியும் இருக்கிறார். அந்தப் புத்தகத்தை மெய்யாகவே நம்பியிருந்தால், அதை எழுதினவரை ஆறு கிழமைக்குள் நியூ யோர்க்கின் இரவுத் தெருவில் தனியாக விட்டிருக்கமாட்டார்கள். மெல்ல மெல்ல, பக்கத்தில் ஆள் வைத்து, சின்னச் சின்ன விஷயங்களிலிருந்து பழக்கியிருப்பார்கள். அவர்கள் புத்தகத்தை ரசித்தார்கள். அதை ஒரு எச்சரிக்கையாக எடுக்கவில்லை.

ரசிக்கிறதும் நம்புறதும் ஒன்றில்லை. சிறை எப்படி மனிசனைச் சிதைக்குது என்று அபொட் எழுதினது உண்மையாக இருக்கலாம். அதற்காக அவர் சிதையாமல் வெளிய வந்தார் என்று ஆகாது. ஒருத்தர் விடுதலைக்குத் தயாரா என்று பார்க்க அவருடைய மொழிநடை உதவாது. "இல்லை, ஏலாது" என்று ஒருத்தர் முகத்துக்கு நேரே சொன்னால் அவர் என்ன செய்வார் என்று பார்க்க வேணும். அண்டைக்கு அடான் சொன்னது அவ்வளவுதானே.

1990இல் அடானின் மனைவி போட்ட வழக்கில் 75 லட்சம் டொலருக்கு மேல் நட்டஈடு தீர்ப்பானது. 2001இல் அபொட் கேட்ட பரோல் மறுக்கப்பட்டது. அடுத்த வருடம், 58 வயசில், அவர் சிறையில் தூக்கிட்டு இறந்தார்.

அபொட்டின் பெயரைத் தேடினால் பக்கம் பக்கமாக வரும். அடானைத் தேடினாலும் வருவது அபொட்தான். அந்த நாடகத்தில் என்ன இருந்தது, ஆர் ஆர் பாத்திரம், எப்படி முடிஞ்சது என்று எழுதின ஒருத்தரையும் நான் காணேல்ல.