கறைபட்ட கொப்பி

நமது கையெழுத்து அழகானதென்று பிறர் சொல்லக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். ஆனால் ஒரு திருகாணியை எப்புறம் திருப்பினால் கழலும், எப்புறம் திருப்பினால் இறுகும் என்பதை முப்பத்து நான்கு வயதுவரை நிச்சயமாக அறியாதிருந்தோம் என்பதையும் இங்கு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று, கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையில் மேல் வகுப்புகளுக்குப் பாடஞ் சொல்லி வருகிறோம். குடியிருப்பது வெள்ளவத்தையில். இரண்டுக்குமிடையே பல ஆண்டுகளாக நம்மைச் சுமந்து திரிந்தது ஒரு பழைய நூறு சீ.சீ. ஹீரோ ஹொண்டா மோட்டார் சைக்கிள்.

2022ஆம் ஆண்டை இந்நாட்டில் யார் மறப்பார்? நாட்டிடம் டொலர் இல்லை; ஆகவே பெற்றோல் இல்லை. ஜூன் 26ஆந் திகதி ஒரு லீற்றர் 470 ரூபாவாயிற்று. மறுநாளே, ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எவருக்கும் எரிபொருள் கிடையாதென்று அரசாங்கம் அறிவித்தது. காலி வீதியோரம் நாட்கணக்கில் வரிசையிலே கிடந்தவர்களில் நாமும் ஒருவர். அந்த ஜூலையில் வந்த கியூ.ஆர். முறை மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்து வைத்தது. நமது வாகனமோ ஏழு வாரமாக மாடிப்படியின் கீழே அசையாமல் நின்றது.

முதல் 4 லீற்றரை ஊற்றிக்கொண்டு வந்து உதைத்தோம். சோக்கை இழுத்துப் பிடித்தால் உறுமியது, விட்டால் மூச்சடங்கியது. அயலிலுள்ள கராஜில் காட்டினோம். காபரேட்டரையே மாற்ற வேண்டுமென்று சொல்லி ஒரு விலையும் சொன்னார்கள். நமது மாதச் சம்பளத்தில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவான தொகை அது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்பினோம். மறுநாளிலிருந்து கோட்டை வரை ரயில், அப்பால் நடை.

ஒருநாள் பாடசாலை வாயிலில் பத்தாந் தரத்து மாணவன் ஒருவன், "சேர் இப்ப பைக்ல வாறதில்லையா?" என்று கேட்டான். வகுப்பில் வாய் திறவாத பையன். வியாதியை விவரித்தோம். கேட்டு முடிக்குமுன்னரே, "ஸ்லோ ஜெட் அடைச்சிருக்கும் சேர். கழற்றி ஊதினாச் சரி" என்றான். செய்யுளுக்குப் பொருள் கேட்டால் தரையைப் பார்ப்பவன் நம் முகத்தை நேரே பார்த்துச் சொன்ன முதல் விடை அதுவென்று நினைக்கிறோம்.

அவனுடைய மாமா ஜம்பட்டா வீதிக்கு அண்மையில் ஒரு கராஜில் வேலை செய்பவர். சனி ஞாயிறுகளில் பையனும் அங்கேதான். அப்போதுதான் நமக்கு வேறொன்று நினைவுக்கு வந்து குத்தியது. முந்திய தவணையில் 'உழைப்பின் உயர்வு' என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தோம். இவனுடைய கொப்பியின் ஓரத்தில் கறுப்பு எண்ணெய்யோடு பெருவிரல் அடையாளம் ஒன்று பதிந்திருந்தது. சுத்தமின்மைக்காக இரண்டு புள்ளிகளைக் குறைத்து, 'கைகளைக் கழுவிவிட்டு எழுதுக' என்று சிவப்பு மையால் குறித்திருந்தோம். கட்டுரை என்னவோ வழிகாட்டி நூலொன்றை மனனஞ் செய்து எழுதியது. அக்கொப்பியில் உழைப்பைப் பற்றிய உண்மையான வாக்குமூலம் அந்தப் பெருவிரல் அடையாளம் ஒன்றுதான்!

கற்றவன் என்ற இறுமாப்பு எளிதில் விடுமா? பையன் சொன்னதைக் கொண்டு நாமே செய்து பார்த்துவிடலாமென்று ஒரு சனிக்கிழமை முற்றத்தில் உட்கார்ந்தோம். பொருந்தாத திருப்புளியால் ஒரு திருகாணியின் தலையைச் சிதைத்தோம். காற்றுத் திருகாணியை எத்தனை சுற்று என்று எண்ணாமலே கழற்றினோம். வண்டி அதன்பின் சோக் இழுத்தாலும் உறுமவில்லை.

மறுநாள் மாமாவும் மருமகனும் வெள்ளவத்தைக்கு வந்தார்கள். மாமா படியில் அமர்ந்து தேநீர் குடித்தார். வேலைக்குக் கை வைக்கவேயில்லை. பையன் முதலில் கேட்டது, பக்கத்தில் அடுப்பு எரிகிறதா என்று. பின்னர் டாங்கியின் டெப்பை மூடி, கிண்ணத்திலிருந்த பெற்றோலை ஒரு போத்தலில் வடித்து நம்மிடம் நீட்டினான். மங்கிய தேநீர் நிறம். புளித்த வார்னிஷ் வாடை. பெற்றோல் நாட்பட நின்றால் அதன் இலேசான கூறுகள் ஆவியாகிப் போக, எஞ்சியது பிசினாகிச் சிறிய துளைகளில் ஒட்டிக்கொள்ளும். கிண்ணத்தைக் கழற்றி, மிதவையின் சின்னஞ்சிறு ஆணியைத் தள்ளி, அதனடியில் விழும் ஊசி தொலைந்து போகாமல் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டான். பிறகு பித்தளை ஜெட் ஒன்றை வெளியே எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்தான். "வெளிச்சம் தெரியுதா, சேர்?" தெரியவில்லை.

நாம் ஊசி எடுத்து வரப்போனோம். தடுத்துவிட்டான். பித்தளை மெதுவானது, உருக்கு ஊசி துளையைப் பெருப்பித்துவிடும், பிறகு அந்த ஜெட் எதற்கும் உதவாது. மின்வயரொன்றின் செப்பு இழையைத் தனியே பிரித்தெடுத்து, சுத்தமான பெற்றோலில் நனைத்து, பொறுமையாக உட்செலுத்தி, ஊதினான். மூன்றாம் முறை பார்த்தபோது, மயிரிழையளவான அத்துளையில் வெள்ளவத்தை வானம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

அது ஏன் அப்படி என்பதைப் பின்னர் நூல்களைப் பார்த்து நாமும் அறிந்துகொண்டோம். குறுகிய வழியில் காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அக்குறைவே கிண்ணத்துப் பெற்றோலை மேலே இழுத்துத் தூவுகிறது. 1738இல் பெர்னூலியும் 1797இல் வெந்தூரியும் எழுதி வைத்த விஷயம். எடையில் ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிய ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். வாகனம் நின்றபடி ஓடுகையில் பெற்றோல் வருவது அந்தச் சின்னத் துளை வழியேதான். அது அடைபட்டால் கலவையிற் காற்றே மிகும்; சோக் காற்றைத் தடுப்பதனால் மட்டும் எஞ்சின் உயிர் தரிக்கும். பையன் வாயிலிலேயே சொன்ன நோய் நிதானம் இதுதான்.

கரிகாலனைப் பாடிய வெண்ணிக் குயத்தியாரின் செய்யுளை, புறநானூற்றின் 66ஆம் பாட்டை, நாம் ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குகிறோம். காற்றின் செயலை வசப்படுத்திக் கலம் செலுத்திய முன்னோர் என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லுவோம். பாடியவள் குயவர் குடியைச் சேர்ந்தவள், மண் பிசைந்த கைகளுக்குரியவள் என்பதை ஒரு வரியிற் சொல்லிக் கடந்து விடுவோம். அவளுடைய ஏட்டில் கறை இருந்திருந்தால் நாம் எத்தனை புள்ளி குறைத்திருப்போமோ!

எல்லாவற்றையும் பூட்டிய பின் பையன் கேட்டான்: "எத்தனை சுற்று என்று எண்ணினீங்களா, சேர்?" நாம் விழித்தோம். அவன் சிரிக்கவில்லை. திருகாணியை மெல்ல இறுதிவரை உள்ளே திருப்பி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, எஞ்சினை உதைத்து ஓடவிட்டு, கண்களை மூடிக்கொண்டு கேட்டான். சிறிது உள்ளே, சிறிது வெளியே. ஓசை ஏறி நிற்கும் இடத்தில் கையை எடுத்தான். நாம் செவியை எவ்வளவு கூர்மையாக்கியும் அந்த வேறுபாடு பிடிபடவில்லை. வெண்பாவில் தளை தட்டினால் உடனே கேட்கும் செவி இது!

இந்தியாவில் 2020 ஏப்ரலில் புதிய புகை விதிகள் வந்தபின், புதிய மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றிலிருந்து காபரேட்டர் மறைந்துவிட்டது. அதற்குச் சற்று முன்னர்தான், 2020 மார்ச்சில், இங்கே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025இலேதான். இடைப்பட்ட காலமெல்லாம் கொழும்பின் பழைய வாகனங்களை ஓட வைத்தவர்கள், பஞ்சிகாவத்தையில் பழைய பாகங்களைக் கிளறியெடுத்த இப்பையனைப் போன்றவர்கள்.

பதினோராந் தரத்துக்கு அவன் வரவில்லை. கராஜுக்குத் தேடிப் போனோம். பதினாறு வயதுவரை பாடசாலைக்கு அனுப்ப வேண்டுமென்ற சட்டத்தை மாமாவிடம் எடுத்துரைத்தோம். அவர் ஒரு சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே, "அவன் அப்பாவுக்கு வேலை போய் அஞ்சு மாசம், சேர்" என்றார். அதற்கு மேல் நாம் எந்தச் சட்டத்தைச் சொல்வது? சனிக்கிழமை மாலைகளில் கராஜ் வாங்கிலிருந்து பாடஞ் சொன்னோம். தனியார் பரீட்சார்த்தியாகச் சாதாரண தரம் எழுதினான். தமிழில் தேறினான்; கணிதத்தில் தவறினான். சுற்றின் கால் பங்கைக் காதால் அளந்தவன் கணிதத்தில் தவறினானென்று பெறுபேற்றுத் தாள் சொல்கிறது.

பட்டறையில் கற்ற தொழிலைச் சோதித்துத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறையொன்று இந்நாட்டில் உண்டு. அதை நாம் அறிந்ததே மிகப் பிந்தித்தான். பாடசாலையில் எவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. சென்ற மாதம் விண்ணப்பப் படிவத்தைக் கொண்டு போனோம். ஒரு எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்தவன் எழுந்து வந்து பார்த்தான். பேனாவை நீட்டினோம். வாங்கவில்லை.

"கையைக் கழுவிட்டு வாறேன், சேர்" என்று சொல்லிக் குழாயடிக்குப் போனான்.