மஞ்சள் விளக்கும் துவரம்பருப்பு மூட்டையும்

அக்கா பெண்ணுக்குக் கல்யாணம். விருதுநகரில். தாய்மாமன் நான் நாக்பூரில். சீர்த் தட்டையும் வெள்ளிச் சாமானையும் ரயிலில் தூக்கிக்கொண்டு அலைய முடியாது, காரிலேயே போகிறோம் என்று தங்கமணியிடம் வீறாப்பாகச் சொல்லியாகிவிட்டது. எங்கள் வாடகை வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் ஹைதராபாத், பெங்களூர், சேலம், மதுரை என்று போய் விருதுநகரையும் தொடுகிறது. ஒரே ரோடு. என்ன, ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல்.

கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது டாஷ்போர்டில் மஞ்சளாக அந்த எஞ்சின் விளக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

வண்டி 2014 மாடல், நான் இரண்டாவது ஓனர். சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிய வேண்டும், எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அணைய வேண்டும். அணையவில்லை. விட்டுவிட்டு மின்னினால் எஞ்சின் மிஸ்ஃபயர் ஆகிறது, சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரே போய்விடும், உடனே ஓரம் கட்டு என்பார்கள். என்னுடையது மின்னவில்லை, நிதானமாக எரிந்தது. ஆபீஸ் நண்பர் ஒருவர், "கறுப்பு டேப் ஒட்டிடுங்க சார், எங்க மாமா ரெண்டு வருஷமா அப்படித்தான் ஓட்டறார்" என்றார். கடன் பிரிவில் வேலை பார்ப்பவர் பேசுகிற பேச்சா இது :-)

ஒரு பட்டறையில் ஸ்கேனர் மாட்டினார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு பின் உள்ள சாக்கெட்டில்தான். வந்த கோடு பி0135. பேங்க் 1, சென்சார் 1, ஹீட்டர் சர்க்யூட். "பேங்க்" என்றதும் நம்மைத்தான் சொல்கிறதோ என்று திடுக்கிட்டேன். நாலு சிலிண்டரும் ஒரே வரிசையில் நின்றால் அது ஒரு பேங்க், அவ்வளவுதான். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் நன்றாகச் சூடானால்தான் ஒழுங்காகக் கணக்குச் சொல்லும். சீக்கிரம் சூடாக அதற்குள்ளேயே ஒரு குட்டி ஹீட்டர். அதற்குப் போகிற கரண்டில் கோளாறு என்பதுதான் கோடு சொன்னது. பட்டறைக்காரர், "சென்சார் போச்சு சாப்" என்றார். ஆறாயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புதுசு மாட்டிக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் விளக்கு திரும்ப வந்தது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஆறாயிரம் போனது ஒரு பக்கம். மாமன் வராமல் மேடையில் அக்கா நிற்பது போல ஒரு காட்சி கண்ணுக்குள்ளேயே ஓடிற்று. பி.காம். படிப்பில் கரண்டைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லையென்றால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது என்றாவது சொல்லித் தந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன்.

ஃப்யூஸ் சரி. கழற்றி வைத்த பழைய சென்சாரில் ஹீட்டரின் இரண்டு ஒயருக்கு நடுவே அளந்தேன். சில ஓம்ஸ் காட்டியது, புதுசும் கிட்டத்தட்ட அதேதான். அதாவது பழையது போகவே இல்லை! கனெக்டரைப் பிடுங்கி, சாவியைத் திருப்பி, ஹீட்டருக்கு கரண்ட் வருகிற ஒயரில் மீட்டரை வைத்தேன். 12.3 வோல்ட். பேட்டரியிலும் ஏறக்குறைய அதுதான். எல்லாம் சரியாக இருக்கிறது, விளக்கு மட்டும் எரிகிறது. தலையில் கை வைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதே விதர்ப்பாவில் ஒரு சின்ன ஊரில், துவரம்பருப்பு வியாபாரி ஒருவரின் குடோனைச் சோதிக்கப் போனேன். ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் இருந்த எண்ணிக்கையும் கண்ணில் பட்ட வரிசைகளும் ஒத்துப்போயின. கையெழுத்துப் போட்டேன். முதல் வரிசைக்குப் பின்னால் எல்லாம் உமி. மூட்டையைத் தூக்கிப் பார்த்திருந்தால் கனம் சொல்லியிருக்கும். எனக்கு மெமோ வந்தது. இன்க்ரிமெண்ட் ஒன்றும் போனது.

மல்டிமீட்டரும் மூட்டையைத் தூக்காமல் எண்ணுகிற ஆள்தான். அது இழுக்கிற கரண்ட் ஒன்றுமில்லாத அளவு. ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பன்னிரண்டு வோல்ட் காட்டிவிடும். ஹீட்டர் கரண்டை இழுக்கும்போதுதான் சாயம் வெளுக்கும். இண்டிகேட்டரில் போடுகிற 21 வாட் பல்பு ஒன்றை வாங்கி இரண்டு ஒயர் சேர்த்தேன். பேட்டரியில் நேராக வைத்தால் கண் கூசியது. கனெக்டரில் வைத்தால் எண்ணெய் தீர்ந்த கார்த்திகை விளக்கு மாதிரி சிவப்பாக ஒரு இழை, அவ்வளவுதான்.

பிறகு ஒயரைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனேன். பேட்டரி தட்டுக்குக் கீழே, கம்பெனி உறைக்குள், யாரோ இரண்டு முனையை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். முந்தைய ஓனர் காலத்து வேலையாக இருக்கும். பிரித்தால் உள்ளே பச்சைக் களிம்பு. தொட்டதும் இழைகள் பொடியாக உதிர்ந்தன. அவருக்கும் மெமோ கொடுக்க வழியிருந்தால் நன்றாக இருக்கும்.

தெருமுனை எலக்ட்ரீஷியன் பையன் நல்ல இழை தெரியும் வரை வெட்டி, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டுக் கொடுத்தான். நூற்றைம்பது ரூபாய். கனெக்டரில் பல்பு பளிச்சென்று எரிந்தபோது நான் போட்ட சத்தத்தில் தங்கமணி பால்கனிக்கே வந்துவிட்டாள். கோடை அழிக்கவில்லை. கோளாறு இல்லாமல் தொடர்ந்து மூன்று ஓட்டம் ஓடினால் அதுவே அணைய வேண்டும். அது தானாக அணைவதைப் பார்க்க ஆசை. புதன்கிழமை பேங்குக்குப் போகும்போது அணைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை விடிகாலை கிளம்பினோம். ஹைதராபாத் வரை கண் பாதி ரோட்டில், பாதி டாஷ்போர்டில். பெங்களூரில் தங்கிவிட்டு மறுநாள் கிருஷ்ணகிரி தாண்டும்போது மஞ்சளாக ஒன்று எரிந்தது. வயிற்றைக் கலக்கிவிட்டது.

"பெட்ரோல்ங்க" என்றாள் தங்கமணி.