பிஸ்லியில் ஐந்து குண்டுகள்

லண்டன் பயணத்தில் ஒரு நாளைப் பெரியப்பா மகனுக்கென்று ஒதுக்கியிருந்தேன். வாட்டர்லூவில் ரயில் ஏறி, புரூக்வுட்டில் இறங்கி, பிஸ்லிக்குப் போனோம். 1890 முதல் இங்கிலாந்தின் பெரிய துப்பாக்கி சுடும் போட்டிகள் நடக்கும் இடம். பரந்த புல்வெளி; கடைசியில் வரிசையாக இலக்குகள்; வழியெங்கும் காற்றுக் கொடிகள்.

அண்ணனுக்கு 61 வயது. போன வருடம்தான் கண்புரை அறுவை சிகிச்சை. தோளுக்கும் கைக்கும் அளவெடுத்துச் செய்த புதுத் துப்பாக்கிக்கு அன்று சோதனை. அதில் தொலைநோக்கி கிடையாது. பின்னால் ஒரு சிறு துளை, முன்னால் ஒரு வளையம், அவ்வளவுதான்.

"வளையம்தான் தெளிவாத் தெரியணும், தம்பி. இலக்கு கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும். செஞ்சவர் கைமேல எனக்குச் சந்தேகமில்ல. குண்டு சிதறினா என் கண்ணுதான் காரணம். இதோட விட்டுடுவேன்."

தூரம் 300 கெஜம், சுமார் 275 மீட்டர். குப்புறப் படுத்து, வாரைக் கையில் இறுக்கி, ஐந்து முறை சுட்டார். இடையில் குறியை மாற்றவே இல்லை. ஒவ்வொரு குண்டு விழுந்த இடத்தையும் குறிப்பேட்டில் புள்ளி வைத்தார். ஐந்தும் நடுவை விட்டு இடப்பக்கம். எனக்கு மனம் கனத்தது.

அண்ணன் சிரித்தார். "எங்கே விழுந்ததுன்னு பாக்காதே. எவ்வளவு நெருக்கமா விழுந்திருக்கு, பாரு!"

ஐந்தும் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கியிருந்தன. கொடிகள் இடப்பக்கம் பறந்தன, தள்ளியது காற்று. பின்குறியின் திருகைச் சற்று வலப்பக்கம் திருப்பினார். ஆறாவது குண்டு நடுவில்.

திரும்பும் ரயிலில் 'விட்டுடுவேன்' என்ற பேச்சே இல்லை. அடுத்தது 600 கெஜமாம்.