அவனால் என்னென்ன முடியாது?

"நீங்களே எழுதுங்கோ அண்ணை. என்ரை கையாலை நான் எழுதமாட்டன்" என்று சொல்லிவிட்டுச் சித்தியின் மகள் குசினிக்குள் போய்விட்டாள். 2022 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். சிட்னியின் மேற்குப் புறநகரான பெண்டில் ஹில்லில் அவளுடைய வீடு. வெளியே குளிர். மேசையில் ஒரு விண்ணப்பப் படிவம். அதன் கேள்விகள் எல்லாவற்றையும் ஒன்றாக உருக்கினால் மிஞ்சுவது ஒரே கேள்விதான்: உங்கள் மகனால் என்னென்ன செய்ய முடியாது?

மகனுக்கு அப்போது இருபத்தேழு வயது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது மனச்சிதைவு நோய் வந்தது. ஊரவர் கேட்டால் "வேலை தேடுகிறான்" என்று சொல்லி வந்தார்கள். பிறகு, ஊரவர் கேட்கக்கூடிய இடங்களுக்கே போவதை நிறுத்தினார்கள். மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போன குடும்பம், கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை காலையில் போகத் தொடங்கியது.

படிவம், அவுஸ்திரேலியாவின் தேசிய இயலாமைக் காப்புறுதித் திட்டத்துக்கு உரியது. அங்குள்ளவர்கள் என்.டி.ஐ.எஸ். என்பார்கள். உற்பத்தித்திறன் ஆணைக்குழு 2011 இல் செய்த சிபாரிசின் வழியாக, ஜூலியா கில்லார்ட் பிரதமராயிருந்த 2013 இல் சட்டமாகியது. இது ஓய்வூதியம் அல்ல. இயலாமைக்காக இரு வாரத்துக்கொருமுறை வரும் வருமானம் தேவையானால் அதற்கு வேறு வாசல் உண்டு. இத்திட்டம் தருவது, ஒருவர் தன் வாழ்க்கையை நடத்துவதற்கு வேண்டிய உதவிகளுக்கான நிதி. 65 வயதுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ அல்லது அதற்குரிய விசேட விசாவோ இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று நம்மவர் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் பயனாளிகளில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு உளநோயால் வந்த இயலாமையே பிரதான காரணம்.

ஆனால் வாசலில் ஒரு முரண்பாடு காவல் நிற்கிறது. இயலாமை நிரந்தரமானது, அல்லது நிரந்தரமாகக்கூடியது என்று காட்டினால்தான் உள்ளே போகலாம். உள்ளே போனதும் பேசப்படுவதோ மீட்சியைப் பற்றி. மகன் தேறமாட்டான் என்று எழுதிக் கையொப்பமிட்டு, அவன் தேறுவதற்கான பணத்தைக் கேட்க வேண்டும். எந்தத் தாயின் கை இதற்கு எழும்? உளநோயால் வரும் இயலாமை கூடிக் குறைந்து வந்தாலும் அதை நிரந்தரமாகக் கருதலாம் என்று 2022 இல் சட்டம் திருத்தப்பட்டது. சட்டத்தைத் திருத்திவிடலாம். தாயின் மனத்தை?

முதல் விண்ணப்பம் 2021 இல் நிராகரிக்கப்பட்டிருந்தது. கடிதத்தை நான் வாசித்தேன். அதில் பிழையில்லை. தொலைபேசியில் கேட்டபோது என் தங்கை என்ன சொல்லியிருக்கிறாள் தெரியுமா? "குளிப்பான், சாப்பிடுவான், கெட்டிக்காரப் பிள்ளை, ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை." கல்யாணத் தரகருக்குச் சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறாள்.

அன்றிரவு நான் பேனாவை எடுத்தேன். வாழ்நாளெல்லாம் பிறரைக் கேள்வி கேட்டுப் பிழைத்தவன். ஆனாலும் அந்த மேசையைப் போலக் கடினமான நேர்காணல் எனக்கு வாய்த்ததில்லை.

"குளிப்பானோ?"

"நான் சொன்னால் குளிப்பான்."

"நீ சொல்லாவிட்டால்?"

நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "மணத்தால் நான் கதவைத் தட்டுற வரைக்கும் குளிக்கமாட்டான்" என்றாள். எத்தனை நாள்? ஒன்பது நாள், ஒருமுறை பன்னிரண்டு நாள். வங்கியிலிருந்து வரும் கடிதங்களைப் பிரிப்பானா? ஒரு சூட்கேஸ் நிறையப் பிரிக்காத கடிதங்கள். கடைக்குப் போவானா? புகையிரதத்தில் தனியாகப் போய் நாலு வருடம்.

அந்த வீட்டில் அவனால் முடிந்ததாகத் தோன்றிய எல்லாவற்றுக்குள்ளும் அவள் ஒளிந்திருந்தாள். படிவம் கேட்பது அவள் இல்லாத நாளைப் பற்றி. நோயின் பெயரையும் மாத்திரையின் பெயரையும் வைத்தியரின் கடிதம் சொல்லும். "அம்மா சொல்லாவிட்டால்" என்பதை வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

"இதை அவன் வாசிப்பானோ?" என்று கேட்டாள். வாசிக்கத்தான் வேண்டும், விண்ணப்பதாரன் அவன். மறுநாள் காலையில் நான் எழுதியவற்றை ஆங்கிலத்தில் மாற்றி அவன் முன் வைத்தேன். தாய் முகம் காட்டாமல் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மெதுவாக வாசித்தான். ஒரு வரியில் விரலை வைத்து, "நாலு வருசம் இல்லை மாமா, அஞ்சு" என்றான். திருத்திக் கையொப்பமிட்டான்.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். "மனநோயாளி அட்டகாசம்" என்ற வகைத் தலைப்புகளை என் கையாலேயே நான் போட்டிருக்கிறேன். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் யாழ்ப்பாணத்தில் உளநலத்துக்காக உழைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில்தான். தங்கை செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போனதில் அந்தத் தலைப்புகளுக்கும் பங்குண்டு.

இம்முறை அனுமதி கிடைத்தது. திட்டத்தில், ஆற்றலை வளர்ப்பதற்கான பகுதியில், "றிக்கவரி கோச்" என்பவருக்கான மணித்தியாலங்கள் இருந்தன. 2020 ஜூலையில் அறிமுகமான சேவை இது. மணித்தியாலத்துக்கு நூறு டொலர் அளவில் கட்டணம். அவர் வைத்தியர் அல்ல, மருந்தைப் பற்றிப் பேசமாட்டார். சிகிச்சை சுகாதாரத் துறையின் பொறுப்பு. வீடு கூட்டுவதும் அவர் வேலையல்ல. எங்கே போக விரும்புகிறாய் என்று கேட்டு, அங்கே போகும்வரை கூட நடப்பவர். படித்துப் பயின்றவராக இருக்கலாம், தானே உளநோயோடு வாழ்ந்து அனுபவப்பட்டவராகவும் இருக்கலாம். எவர் வேண்டும் என்பதைப் பயனாளி சொல்லலாம். இதைப் பலர் அறியார்.

தங்கையும் அறியாள். முதலில் ஒரு நிறுவனம் அனுப்பியவர் வாகனத்துக்குள் இருந்து குறிப்பு எழுதுவதிலேயே நேரத்தைக் கழித்தார். கணக்கு மட்டும் ஒழுங்காக வந்தது. இரண்டு மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். நிதி நம்முடையது, ஆளை மாற்றலாம் என்று புரிந்துகொள்ள அந்த இரண்டு மாதமும் தேவைப்பட்டிருக்கிறது.

அடுத்து வந்தவர் தானும் வைத்தியசாலையில் கிடந்து எழும்பியவர். முதல் மூன்று வாரமும் வீட்டுப் படியில் இருந்து தேநீர் குடித்ததுதான் வேலை. பிறகு பெண்டில் ஹில் நிலையம்வரை நடை. பிறகு ஒரு தரிப்பு, வென்ற்வேர்த்வில். திரும்பி வருதல். யாழ்ப்பாணத்தில் நாங்கள் புகையிரதத்தைக் கோச்சி என்போம் அல்லவா? "கோச் வந்து பிள்ளையைக் கோச்சியில கூட்டிக்கொண்டு போறார்" என்று தங்கை தொலைபேசியில் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டுப் பல வருடம்.

இருவருமாக ஒரு தாளும் எழுதியிருக்கிறார்கள். நித்திரை குறைந்தால் என்ன செய்வது, குரல்கள் பலத்தால் யாரை அழைப்பது, யாரை அழைக்கக்கூடாது. கடைசிப் பட்டியலில் இரண்டு மாமிகளின் பெயர்கள் இருப்பதாகக் கேள்வி. தாயோடு பேசும்போது தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இலவசமாகக் கிடைத்தார். நமது சமூகம் சின்னது, குரலை வைத்தே ஆளைப் பிடித்துவிடும் என்று பயந்து, வேறு மாநிலத்தில் இருப்பவரைத் தரும்படி கேட்டிருக்கிறாள்.

இப்போது திட்டம் மீளாய்வுக்கு வந்திருக்கிறது. 2023 இல் இத்திட்டம் முழுவதையும் பற்றிய பெரிய ஆய்வறிக்கை வந்தது. 2024 இல் சட்டம் மாறியது, செலவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற பேச்சு ஓயவில்லை. "நல்லா வாறான் எண்டு சொன்னால் குறைச்சுப்போடுவினமோ அண்ணை?" என்று கேட்கிறாள். அந்தப் பயம் நியாயமானது. மீட்சியை நோக்கமாகச் சொல்லும் ஒரு திட்டத்தில், மீட்சியைச் சொல்லத் தாய் அஞ்சுகிறாள்.

இம்முறை என்னை எழுதச் சொல்லவில்லை. தானே எழுதி, போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு வாசித்துக் காட்டினாள். மூன்றாம் மாதம் அவன் தனியாகப் பரமற்றாவுக்குப் போய் நூலகத்தில் இருந்துவிட்டு வந்தான். அதை எழுதுவதா விடுவதா என்று கேட்டாள். எழுது என்றேன். அதற்கடுத்த வாரம் வெஸ்ற்மீட்டில் இறங்கி, நடுங்கிக்கொண்டு மேடையில் நின்று அவளுக்கு அழைத்ததையும்?

அதையும் என்றேன். இரண்டையும் எழுதியிருக்கிறாள். அவன் வாசித்துக் கையொப்பமிட வேண்டும், வாசித்துக்கொண்டிருக்கிறான் என்றாள்.