புகையிரத மேடையும் ஒரு தீர்ப்பும்

திரைப்படத்தைக் கலையென ஆராய்வோர் ஒரு சாரார். பொழுதைப் போக்கும் பொருட்டுக் காண்போர் மற்றொரு சாரார். பல்கலைக்கழக விடுதியில் வாழ்ந்த அம்மாணவன் இரண்டாம் சாராரைச் சேர்ந்தவன். கமராவின் கோணங்கள் பற்றியோ படத்தொகுப்பின் நுட்பங்கள் பற்றியோ அவன் எதுவும் அறியான். அறைத்தோழனின் கணினியிலே கிடந்த பழைய பிறநாட்டுப் படங்களைப் பரீட்சை முடிந்த ஓரிரவிலே தற்செயலாகப் பார்க்கத் தொடங்கினான். அவற்றுட் பெரும்பாலானவை காதற் கதைகள். பிரெஞ்சு மொழியோ ருஷ்ய மொழியோ அவனுக்குத் தெரியாது. படத்தின் அடியிலே ஓடிய ஆங்கில வரிகளே அவனுக்குத் துணையாயின.

சில இரவுகள் கழிந்தபின் அவன் ஒன்றைக் கவனித்தான். நாடு வேறு, மொழி வேறு, காலமும் வேறு. எனினும் அக்காதலர் பிரியும் இடம் மட்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. 'கஸபிளாங்கா' (1942) படத்திலே, ஜேர்மானியப் படை பாரிஸ் நகரை நெருங்கும் வேளையில், புகையிரத நிலையத்து மழையில் ஒருவன் தன் காதலிக்காகக் காத்து நிற்கிறான். அவள் வரவில்லை, அவளது கடிதமே வருகிறது. மழைத்துளி பட்டு அதன் எழுத்துக்கள் கரைகின்றன. 'பிறீஃப் என்கவுண்டர்' (1945) படத்தில் இருவர் அறிமுகமாவதும் இறுதியாகப் பிரிவதும் ஒரு புகையிரத நிலையச் சிற்றுண்டிச்சாலையிலேயே. 'செர்பூர்க் நகரின் குடைகள்' (1964) படத்தில், அல்ஜீரியப் போருக்கு அழைக்கப்பட்ட இளைஞன் புகையிரத மேடையிலிருந்தே விடைபெறுகிறான். சோவியத் படமான 'கொக்குகள் பறக்கின்றன' (1957) முடிவதும் போர்வீரர் திரும்பி வரும் புகையிரத நிலையத்திலேதான்.

அம்மாணவன் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றவன். பாலைக்குப் பிரிதலும் முல்லைக்கு இருத்தலும் உரிப்பொருள்கள் என்பது அவனுக்கு மனப்பாடம். ஆகவே, பிறநாட்டுக் காதலரையும் அந்த அளவுகோல் கொண்டே அவன் அளந்தான். பிரிந்து செல்பவனுக்குக் கடமை உண்டு. இருப்பவளுக்கு ஆற்றியிருத்தல் உண்டு. ஆற்றியிருந்தவள் உயர்ந்தவள், இருக்கமாட்டாதவள் தாழ்ந்தவள். அவனுடைய விமர்சனம் இவ்வளவே.

இவ்வளவுகோலின்படி இருவர் குற்றவாளிகளாயினர். ஒருத்தி, செர்பூர்க் நகரின் குடைக் கடைக்காரியின் மகளான ஜெனவியேவ். காதலன் போருக்குச் சென்றபின் அவள் கருவுற்றிருப்பதை அறிகிறாள். கடையோ கடனில் மூழ்கிக் கிடக்கிறது. அவனுடைய கடிதங்களும் அரிதாகின்றன. அவள் ஒரு நகை வணிகரை மணந்து ஊரை விட்டு நீங்குகிறாள். மற்றவள், 'கொக்குகள் பறக்கின்றன' படத்தின் வெரோனிக்கா. 1941இல் காதலன் போர்முனைக்குச் செல்கிறான். பெற்றோரைக் குண்டுவீச்சிலே பறிகொடுத்த அவள், காதலனின் ஒன்றுவிட்ட சகோதரனுக்கு மனைவியாகிறாள். இரண்டு படங்களும் கான் திரைப்பட விழாவின் உயர்விருதைப் பெற்றவை என்று தோழன் கூறியபோது, "இருக்கலாம், ஆனால் இருவரும் காத்திருக்கவில்லையே" என்று அவன் மறுமொழி கூறினான்.

விடுமுறைக்கு ஊர் சென்றபோது 'செர்பூர்க் நகரின் குடைகள்' படத்தை வீட்டில் மீண்டும் போட்டான். பேச்சு முழுவதும் பாட்டாகவே அமைந்த அப்படத்தைச் சின்னம்மாவும் வந்திருந்து பார்த்தார். மிஷெல் லெக்ராண்டின் இசை அவரைக் கவர்ந்தது போலும். இடையிலே எழுந்து செல்லாமல் இறுதிவரை இருந்தார்.

படத்தின் இறுதிக் காட்சி 1963ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் நிகழ்கிறது. பனி பொழியும் இரவிலே, எரிபொருள் நிரப்பு நிலையமொன்றில் பழைய காதலர் இருவரும் எதிர்பாராது சந்திக்கின்றனர். அவளுடைய காரிலே அவர்களின் மகள் இருக்கிறாள். அவனுக்கும் இப்போது மனைவியும் மகனும் உளர். முன்பு தாம் கனவு கண்ட பெயரையே இருவரும் தத்தம் குழந்தைக்கு இட்டிருக்கின்றனர். மகளைப் பார்க்க விருப்பமா என அவள் கேட்க, அவன் மறுத்துவிடுகிறான். கார் புறப்பட்டுச் செல்கிறது.

"இவள் கொஞ்சம் பொறுத்திருந்தால் இந்த நிலை வந்திராது" என்றான் மாணவன்.

சின்னம்மா சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "படம் ஒண்டரை மணித்தியாலத்திலை முடிஞ்சு போச்சு, தம்பி. கடிதம் வருமெண்டு வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கிற ஒரு நாள் இதைவிட நீளம்" என்று கூறிவிட்டு, தேநீர் வைக்க எழுந்து சென்றார்.

அப்போதுதான் அவனுக்குச் சின்னம்மாவின் கதை நினைவுக்கு வந்தது. அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவர் 1984இல் மேற்கு ஜேர்மனிக்குச் சென்றவர். இரண்டு ஆண்டுகள் கடிதங்கள் வந்தன, பின்னர் நின்றுபோயின. போரினால் வடக்கின் தபாற் போக்குவரத்து அடிக்கடி தடைப்பட்ட காலம் அது. கடிதம் எழுதப்படவில்லையா, எழுதப்பட்டும் வந்து சேரவில்லையா என்பதை எவரும் அறியார். மேலும் இரண்டு ஆண்டுகள் இருந்து பார்த்தபின், 1988இல் சித்தப்பாவை மணந்தார். "பாவம் அந்தப் பிள்ளை, இவள் பொறுக்கேல்லை" என்ற பேச்சு குடும்பத்தின் நன்மை தீமைகளில் இன்றும் எழுவதுண்டு. சிறுவயது முதல் அதைக் கேட்டு வளர்ந்தவன் அவன். ஜெனவியேவுக்கு அவன் வழங்கிய தீர்ப்பு உண்மையில் அவனுடையதன்று. வீட்டுத் திண்ணையில் எப்போதோ எழுதப்பட்ட தீர்ப்பு அது.

விடுதிக்குத் திரும்பியபின் அப்படங்களை அவன் மீண்டும் பார்த்தான். முன்பு கண்ணிற் படாத காட்சிகள் இப்போது தென்பட்டன. 'கஸபிளாங்கா'வின் நாயகன் றிக், புகையிரத மேடைக்கு வராதவளை ஒன்றரை ஆண்டுகள் மனத்துள்ளே வைத்துத் தண்டிக்கிறான். காரணத்தைக் கூற அவள் தேடி வந்த முதலிரவிலே, குடிமயக்கத்தில் அவளை இழித்துரைத்து அனுப்புகிறான். வதைமுகாமில் மாண்டதாகக் கருதப்பட்ட கணவன் உயிரோடிருக்கும் செய்தி, பாரிஸை விட்டுப் புறப்படும் தறுவாயிலேயே அவளுக்குக் கிடைத்தது என்பதை அவன் மிகப் பிந்தியே அறிகிறான். விமான நிலையத்தில் அவளைக் கணவனோடு அனுப்பிவைக்கும் அவனது தியாகத்தையே பலரும் புகழ்வர். அவளுடைய பக்கத்தைக் கேட்டிராவிடின் அத்தியாகம் நிகழ்ந்தேயிராது என்பது மாணவனுக்கு அப்போதுதான் புலனாயிற்று.

'கொக்குகள் பறக்கின்றன' படத்தின் மருத்துவமனைக் காட்சி அவனை இன்னும் வருத்தியது. காதலியால் கைவிடப்பட்ட காயமுற்ற வீரனொருவன் கதறுகிறான். அவனைத் தேற்ற முனைந்த மருத்துவர், காத்திருக்காத பெண்களுக்கு மன்னிப்பே இல்லை என்று எல்லோரும் கேட்கப் பேசுகிறார். அம்மருத்துவர் வெரோனிக்காவின் காதலனைப் பெற்ற தந்தை; அவளோ அங்கேயே தாதியாக நிற்கிறாள். வான் தாக்குதல் நடந்த இரவிலே அவள் பலவந்தத்துக்கு ஆளானதை அவர் அறியார். அவள் உயிரை விடும் எண்ணத்தோடு புகையிரதப் பாதையை நோக்கி ஓடுகிறாள். முதன்முறை பார்த்தபோது மருத்துவரின் சொற்களுக்குத் தலையசைத்தவன் மாணவன். இம்முறை அவன் வெரோனிக்காவின் முகத்தைப் பார்த்தான்.

'பிறீஃப் என்கவுண்டர்' படத்தை எடுத்தவர், பின்னாளில் இலங்கையின் கித்துல்கலையிலே 'குவாய் நதிப் பாலம்' (1957) படத்தைப் பிடித்த டேவிட் லீன். அப்படத்தில் எவரும் அந்தப் பெண்ணைக் குற்றஞ்சாட்டவில்லை. குறுக்கெழுத்துப் போட்டியை நிரப்பிக்கொண்டிருக்கும் கணவனின் எதிரிலே அமர்ந்து, வாய் திறவாது, தன் கதையைத் தானே மனத்துள் அவனுக்குக் கூறுகிறாள். படம் முழுவதும் அக்குரலே ஒலிக்கிறது. சின்னம்மாவும் இவ்வாறே முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் கதையைத் தமக்குள்ளே கூறிக்கொண்டிருந்திருப்பாரோ என்று அவன் எண்ணினான்.

அடுத்த விடுமுறையில் உறவினர் வீட்டுச் சடங்கொன்றிலே அப்பழைய பேச்சு மீண்டும் எழுந்தது. சின்னம்மா வழமைபோலத் தலைகுனிந்து வெற்றிலைத் தட்டை ஒழுங்கு செய்தார். "நாலு வருசம் இருந்தவவை இருக்கேல்லையெண்டு எப்பிடிச் சொல்லுவியள்?" என்று மாணவன் கேட்டான். கூடியிருந்தோர் வியப்புடன் அவனை நோக்கினர். பின்னர் பேச்சு வேறு திசைக்குச் சென்றது. சின்னம்மா நிமிர்ந்து ஒருமுறை அவனைப் பார்த்தார், ஒன்றும் கூறவில்லை.

திரைப்படக் கலை பற்றி அவனுக்கு இன்றும் அதிகம் தெரியாது. ஆயினும், காதற் கதைகளைப் பார்க்கும்போது யார் காத்திருந்தார் என்று அவன் இப்போது கணக்கெடுப்பதில்லை. மேடையை விட்டுப் புகையிரதம் சென்றபின் அங்கே நிற்பவர் எவ்வாறு வீடு திரும்பினார் என்பதையே பார்க்கிறான்.