ஒரு கைப்பிடி பிண்ணாக்கும் எட்டுத் தக்காளிச் செடிகளும்

'மாடித்தோட்டத் தக்காளிக்கு எந்த இயற்கை உரம் போட்டால் நன்றாகக் காய்க்கும்?' நம் இதழின் கேள்வி-பதில் பகுதியில் அடிக்கடி பார்க்கிற கேள்வி இது. போன வருஷம் ஆடி மாதம், எங்கள் எதிர்வீட்டு அக்கா என்னிடம் இதையே கேட்டார். நான் கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொன்னேன். அதனால் என்ன ஆனது, அதற்குப் பிறகு என்ன கற்றுக்கொண்டேன் என்பதை மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான் பிறந்தது சோழவந்தான் பக்கம். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. கல்யாணமாகி மதுரைக்கு வந்து 22 வருஷமாகிறது. மொட்டை மாடியில் கத்திரி, வெண்டை, கீரை என்று ஏதாவது வைத்துக்கொண்டே இருப்பேன். அதனால் தெருவில் யாருக்குச் செடி வாடினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

எதிர்வீட்டு அக்கா, அவர் வீட்டுக்காரர் தவறிய பிறகு பல மாதம் வெளியிலேயே வரவில்லை. அவருடைய மகள்தான் எட்டு குரோ பேக்குகளை வாங்கி வந்து மாடியில் வைத்துக் கொடுத்தாள். அக்கா அதில் போட்டது கடை விதை அல்ல. அவருடைய அம்மா வருஷா வருஷம் எடுத்து வைத்த நாட்டுத் தக்காளி விதை. அம்மா இறந்தபோது, சாம்பலில் புரட்டிக் காகிதத்தில் மடித்து வைத்திருந்த கடைசிப் பொட்டலம் அது. பழசானதால் பாதிதான் முளைத்தது. முளைத்ததில் நன்றாக இருந்த எட்டு நாற்றுகளை எடுத்து நட்டிருந்தார்.

''இதுக்கு என்ன உரம்மா போடலாம்?'' என்றார்.

''கடலைப் பிண்ணாக்குதான்க்கா. பைக்கு ஒரு கைப்பிடி தூளாக்கிப் போட்டுத் தண்ணி ஊத்துங்க. அப்பா கொடிக்காலுக்கு மூட்டை மூட்டையா போடுவார்'' என்றேன்.

அக்கா அப்படியே செய்தார். மூன்றாம் நாள் மண்ணின் மேல் வெள்ளைப் பூசணம் படர்ந்து, நாற்றம் அடித்தது. ஈ மொய்த்தது. ஐந்தாம் நாள் இலை ஓரங்கள் கருகின. தண்ணீர் குறைவு என்று நினைத்து அக்கா இன்னும் ஊற்றியிருக்கிறார். நான் போய்ப் பார்த்தபோது நான்கு செடிகள் தலை சாய்ந்துவிட்டன. ஒன்றைப் பிடுங்கினால் வேர் பழுப்பாகி, கையோடு உரிந்து வந்தது. மேல் மண்ணை வழித்துப் போட்டுவிட்டு, நல்ல தண்ணீரை நிறைய விட்டு வடியவிட்டோம். அப்படியும் தப்பியது இரண்டே இரண்டு செடி.

அக்கா என்னைத் திட்டவில்லை. ''உனக்குத் தெரிஞ்சதைச் சொன்ன. விடும்மா'' என்றார். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அன்று ராத்திரிதான் ஒன்று ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பெரிய மண் தொட்டி இருக்கும். அப்பா பிண்ணாக்கை அதில் நாள் கணக்கில் ஊறப்போட்டுக் கரைத்துத்தான் எடுத்துப் போவார். அந்த வாடைக்குப் பயந்து நான் கொல்லைப் பக்கமே போக மாட்டேன். மூட்டை மூட்டையாகப் போட்டது ஞாபகம் இருந்தது, ஊறவைத்தது மறந்துபோயிற்று. அதோடு, கொடிக்கால் என்பது திறந்த நிலம். உரம் கூடினாலும் மண் வாங்கிக்கொள்ளும், வேரும் விலகிப் போகும். பைக்குள் இருக்கிற வேர் எங்கே போகும்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தொழுவுரத்தில் தழைச்சத்து சுமார் அரை சதவிகிதம்தான். ஆட்டு எருவில் சுமார் 3 சதவிகிதம், வேப்பம் பிண்ணாக்கில் 5, கடலைப் பிண்ணாக்கில் 7. நாங்கள் போட்ட கைப்பிடி 100 கிராம் என்று வைத்தாலும், அதிலிருந்த தழைச்சத்து கிட்டத்தட்ட 1.4 கிலோ தொழுவுரத்துக்குச் சமம். அதுவும் ஈரம் பட்டதும் மளமளவென்று சிதையும். அந்தச் சூட்டையும் அதில் கிளம்புகிற அமோனியாவையும் நட்டு இரண்டு வாரமே ஆன நாற்று தாங்காது. எல்லாமே இயற்கை உரம்தானே என்று ஒரே கைப்பிடியால் அளந்தது என் தப்பு.

பிழைத்த இரண்டு செடிகளும் ஐப்பசியில் ஒரு டஜன் பழம்போலக் கொடுத்தன. அத்தனையையும் விதைக்கே விட்டார் அக்கா. அடுத்த பட்டத்துக்கு அந்த விதையில் கொஞ்சம் போடலாமா என்று கேட்டேன். ''முதல்ல நீ உன் மாடியில செஞ்சு காட்டு. அப்புறம் பார்க்கலாம்'' என்றார். நியாயம்தான்.

மார்கழி முதல் வாரத்தில், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி ரகமான பி.கே.எம்-1 நாற்றுகளை 12 பைகளில் நட்டேன். எல்லாம் 15 அங்குலப் பை. செம்மண் 2 பங்கு, கழுவிப் பிழிந்த தென்னை நார்க்கழிவு 1 பங்கு, மக்கிய தொழுவுரம் 1 பங்கு, பைக்கு 50 கிராம் வேப்பம் பிண்ணாக்கு. இதைக் கலந்து, ஈரம் தெளித்து, 15 நாள் ஆறவிட்ட பிறகே நடவு. அடிமண் எல்லாவற்றுக்கும் ஒன்று. மேலுரம் மட்டும் மூன்று மூன்று பையாக மாற்றினேன்.

முதல் மூன்றுக்கு மண்புழு உரம், 15 நாளைக்கு ஒரு முறை 200 கிராம். அடுத்த மூன்றுக்கு நன்றாக மக்கிய ஆட்டு எரு, 15 நாளைக்கு ஒரு முறை 50 கிராம். மூன்றாவது வரிசைக்குக் கடலைப் பிண்ணாக்குக் கரைசல். 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, அதை 5 லிட்டராக்கி, வாரம் ஒரு முறை செடிக்கு அரை லிட்டர். நான்காவது வரிசைக்கு மண்ணில் எதுவும் இல்லை. லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா கலந்து, 10 நாளைக்கு ஒரு முறை இலையில் தெளிப்பு மட்டும். சாயங்காலம் அக்கா ஒரு பழைய கணக்கு நோட்டோடு வந்துவிடுவார். பூ, பிஞ்சு, பழத்தின் எடை எல்லாம் அவர் கையெழுத்தில்தான் இருக்கிறது.

முதல் மாதம் பிண்ணாக்குக் கரைசல் வரிசைதான் ராஜா. கரும்பச்சை இலை, கட்டைவிரல் தண்டு. ஆனால் மற்றவை பூத்து ஒரு வாரம் கழித்துத்தான் அவை பூத்தன. அசுவினியும் முதலில் அங்கேதான் ஏறியது. வேப்பெண்ணெய்க் கரைசல் இரண்டு முறை அடிக்க வேண்டி வந்தது. பஞ்சகவ்யா வரிசை முந்திப் பூத்தது. ஆனால் காய் பிடித்ததும் அடியிலைகள் மஞ்சளாகிச் சோர்ந்துவிட்டது. தெளிப்பு செடியைத் தூண்டிவிடும். பைக்குள் சாப்பாடு இல்லாவிட்டால், தூண்டி என்ன செய்ய? ஆட்டு எருவும் மண்புழு உரமும் ஆரம்பத்தில் மந்தம், காய்ப்பில் நிதானம்.

தை கடைசியில் காயின் அடிப்பக்கம் கறுத்து, அழுந்திப்போனது. ''சுண்ணாம்புச் சத்துக் குறைவு, முட்டை ஓடு போடுங்க'' என்று எல்லோரும் சொன்னார்கள். அக்காதான் நோட்டைப் புரட்டி, ''நாலு வரிசையிலயும் ஒரே நாள்லதானேம்மா வந்திருக்கு. அதுக்கு முந்தின வாரம் நீ கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்த'' என்றார். ஆமாம். மூன்று நாளில் ஒரு நாள்தான் தண்ணீர் ஊற்றப்பட்டிருந்தது. சுண்ணாம்புச் சத்து மண்ணில் இருந்தாலும், தண்ணீரோடுதான் காய்க்குப் போய்ச் சேரும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் போகாது. முட்டை ஓடு மக்கிச் சத்தாகப் பல மாதம் பிடிக்கும். காய்ந்த இலைகளை மூடாக்காகப் போட்டு, காலையில் ஒரே அளவாகத் தண்ணீர் விட்டதும், அடுத்து வந்த காய்களில் அது இல்லை.

பங்குனி நடுவில் கணக்கு முடித்தோம். மூன்று மூன்று செடியின் மொத்தப் பழம் இது: ஆட்டு எரு 6 கிலோ, மண்புழு உரம் 5.5 கிலோ, பிண்ணாக்குக் கரைசல் 5 கிலோ, பஞ்சகவ்யா மட்டும் 3.5 கிலோ. மூன்று செடியை வைத்து இதுதான் முதலிடம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்தாலே அரை கிலோ மாறிவிடும். ஆனால் எதை எப்போது கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. அடிமண்ணில் தொழுவுரமும் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து ஆறவிட வேண்டும். 15 நாளைக்கு ஒரு முறை ஆட்டு எருவோ மண்புழு உரமோ போதும். எது பக்கத்தில் நல்லதாகக் கிடைக்கிறதோ அது. ஆட்டு எரு என்றால் பச்சையாக இல்லாமல் மக்கியதாக இருக்க வேண்டும். கடலைப் பிண்ணாக்கு, பூக்கும் முன்பு இரண்டு முறை, ஊறவைத்த கரைசலாக மட்டும். பஞ்சகவ்யா கூடுதல் பலத்துக்கு.

இந்த ஆடியில் அக்கா தன் விதையைப் போட்டிருக்கிறார். அவர் மாடியில் நான்கு பை, என் மாடியில் நான்கு பை. ஒரே இடத்தில் இருந்தால் ஒரே கையால் கெட்டுப்போகும் என்கிறார். பாதி விதையைச் சாம்பலில் புரட்டி, மடித்து, அலமாரியில் வைத்துவிட்டார். போன வாரம் மேலுரம் போடும் நாள். நான் ஆட்டு எரு வாளியில் கையை விட்டேன். அக்கா சமையல்கட்டுத் தராசை எடுத்து வந்து முன்னால் வைத்தார்.

''கை வேண்டாம்மா. நிறுத்துப் போடு.''

நிறுத்துத்தான் போட்டேன். எட்டுச் செடியும் நன்றாக இருக்கின்றன.